தேருக்குப் பின்னால் முதல் தடவை



தைப்பூசம் முடிஞ்சதிலிருந்து கோயிலுக்கு வர்றவங்க எல்லாரும் எங்களைக் கேக்கிற ஒரே கேள்வி, "தேர் கூடவே பத்துமலை வரைக்கும் நடந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு? நாங்களும் வரலாமா?" ஆளுக்கு ஒரு பதில் சொல்றதைவிட, ஒரே இடத்தில் எழுதி வச்சா அடுத்த வருஷம் நடக்க நினைக்கிறவங்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

நாங்க ஆறு பேர். எல்லாரும் பிரிக்பீல்ட்ஸ்வாசிகள், கோயில் தொண்டர்கள். இத்தனை வருஷமா தைப்பூசம்னா எங்களுக்குத் தண்ணீர் பந்தல்தான். மோர் கலக்குறது, வெங்காயம் நறுக்குறது, சாதம் பரிமாறுறது, விடியக்காலையில் அண்டா கழுவுறது. தேர் எங்களைக் கடந்து போகும், கையெடுத்துக் கும்பிடுவோம், மறுபடி கரண்டியைப் பிடிப்போம். தேர் கூட நடந்தது கிடையாது.

இந்த வருஷம் நடந்ததுக்குக் காரணம் எங்க குழுவில் இருக்கிற ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் மூணு வருஷம் பால்குடம் எடுக்கிறதா முருகன்கிட்ட வேண்டிக்கிட்டவர். ரெண்டு வருஷம் எடுத்துட்டார். மூணாவது வருஷத்துக்குக் காத்திருந்தவர், தீபாவளி முடிஞ்ச கொஞ்ச நாளில் தவறிட்டார். தை மாசம் நெருங்க நெருங்க அக்காவுக்குத் தூக்கம் இல்லை. "அவர் சொன்ன வாக்கு பாதியில நிக்குதே, நான் எடுக்கலாமா?" அப்படின்னு எங்களைக் கேட்டாங்க.

இதுக்கு எங்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. வீட்டில் சாவு விழுந்தா ஒரு வருஷத்துக்குக் காவடி, பால்குடம் எடுக்கக் கூடாது, மலைக்கோயில் ஏறக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றது உங்களுக்கும் தெரியும். அக்காவோட மாமியார் அதில் உறுதியா இருந்தாங்க. எங்களில் ரெண்டு பேர், "முருகன் என்ன கணக்குப் பார்க்கிற சாமியா? எடுக்கட்டுமே"ன்னு சொன்னாங்க. பேச்சு கொஞ்சம் சூடாவே போச்சு. கடைசியில் கோயில் குருக்கள்கிட்ட போனோம். அவர் சொன்னது: "வழக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் வேற. ஆனா வீட்டுப் பெரியவங்க மனசு நோக ஒரு வேண்டுதலைச் செலுத்த வேண்டாம். வேண்டுதல் எங்கேயும் ஓடிப் போகாது, அடுத்த தை வரும். இந்த வருஷம் தேர் பின்னால நடந்து வாம்மா. ரோட்டுல நடக்கிறதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது." மாமியாரும் அதுக்குச் சரின்னாங்க. அக்காவைத் தனியா விட மனசில்லாமல் நாங்க அஞ்சு பேரும் கூடக் கிளம்பினோம். பந்தலை இந்தத் தடவை இளைஞர்கள் பார்த்துக்கிட்டாங்க.

கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினா அடுத்த ஸ்டேஷன் பசார் செனி. அங்கிருந்து பொடிநடையா ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகாமாரியம்மன் கோயில். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கின கோயில் அது. பத்துமலையில் முருகனுக்கு வழிபாடு அமைச்சவரும் அவர்தான். 1892-இலிருந்து அங்கே தைப்பூசம் நடக்குது. அந்தக் காலத்தில் எங்க பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளையும் ரயில்வே வேலையும்தான். அப்போ நடந்தவங்க இப்போ இருக்கிற தார் ரோட்டிலயா நடந்திருப்பாங்க?

வள்ளி தெய்வானையோட முருகன் வெள்ளித் தேரில் எழுந்தருளி ராத்திரி கிளம்பினார். கூட்டம், நாதஸ்வரம், உருமி, அரோகரா சத்தம். லெபோ அம்பாங் வழியா, அப்புறம் ஜாலான் ஈப்போ பிடிச்சு, மொத்தம் சுமார் 15 கிலோமீட்டர். கேக்கச் சின்னத் தூரம்தான். ஆனா தேர் நின்னு நின்னுதான் போகும். வழி முழுக்க அர்ச்சனைத் தட்டு, குழந்தையைத் தூக்கிக் காட்டுறவங்க, குவியல் குவியலா தேங்காய் உடைக்கிறவங்க. ஜாலான் ஈப்போ பக்கம் சீனர்களும் வரிசையா தேங்காயோட நின்னாங்க. நடக்கிறதைவிட நிக்கிறதுதான் கால் வலி. எங்களில் சிலர் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பழகினவங்க, முழிக்கிறது கஷ்டம் இல்லை. ஆனா உடைஞ்ச தேங்காய்ச் சிதறல் நடுவில் வெறுங்காலோட நடக்கிறது வேற கதை.

கூட்டத்தில் ஒரு பாட்டி, எழுபதுக்கு மேல் இருக்கும். கிள்ளானிலிருந்து வருஷா வருஷம் வந்து நடக்கிறவங்க. நாங்க புதுசுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு போல. "தேர் முன்னாடி போய் நெரிசல்ல மாட்டாதீங்க. பின்னால, ஓரமா வாங்க. தேர் நிக்கும்போது நீங்களும் உக்காந்திடுங்க. தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க" என்றார். அப்புறம் அக்கா கையைப் பிடிச்சவங்க, விடியிற வரைக்கும் விடவே இல்லை.

ஒரு பந்தலில் சின்னப் பையன் ஒருத்தன் "சாமி, மோர் குடிங்க சாமி"ன்னு கப்பை நீட்டினான். இத்தனை வருஷம் நாங்க சொன்ன வார்த்தை அது. வாங்கிக் குடிக்கிற பக்கம் நின்னப்போதான், நடந்து களைச்சவங்களுக்கு அந்த ஒரு கப் எவ்வளவு பெரிசுன்னு புரிஞ்சது.

வெயில் ஏறின பிறகு மலையடி வந்து சேர்ந்தோம். 2006-இல் திறந்த அந்த 140 அடி முருகன் சிலையைத் தூரத்திலேயே பார்த்ததும் அக்கா அழுதிட்டாங்க. 272 படி கண் முன்னால், ஏற முடியாதுன்னு தெரியும். எங்களில் யாருக்கும் என்ன சொல்றதுன்னு வரலை. கிள்ளான் பாட்டிதான் சொன்னாங்க: "தேரே மலையடியிலதாம்மா நிக்குது. சாமியே கீழ உன்கூட இருக்கும்போது உனக்கு என்ன குறை?"

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு அங்கேயே விழுந்து கும்பிட்டாங்க. எங்களில் யாரும் படி ஏறலை. அது பேசி வச்சு எடுத்த முடிவு இல்லை, யாருக்கும் ஏறத் தோணலை, அவ்வளவுதான். கம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் திரும்பும்போது அக்கா ஜன்னலில் சாய்ஞ்சு தூங்கினாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல தூக்கம்னு அப்புறம் சொன்னாங்க.

அடுத்த வருஷம் நடக்க நினைக்கிறவங்களுக்கு: ரெண்டு வாரம் முன்னாடியே சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்க. சர்க்கரை, பிரஷர் உள்ளவங்க மருந்தை இடுப்புப் பையில் வச்சுக்குங்க. குடிச்ச கப்பைக் கீழே போடாதீங்க, பின்னால் வெறுங்காலோட வர்றவங்க இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க சட்டையில் போன் நம்பர் எழுதி வைங்க. முக்கியமா, தனியா வர்றவங்களைப் பார்த்தா கூடச் சேர்த்துக்குங்க.

எங்க குழுவில் இனி பாதிப் பேர் பந்தல், பாதிப் பேர் நடை, வருஷம் மாத்தி மாத்தி. வர்ற தைக்குள்ள அக்காவுக்கு வருஷம் முடிஞ்சிடும். பால்குடம் அவங்க தலையில், பக்கத்தில் நாங்க. வர விருப்பம் உள்ளவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் எங்களைப் பாருங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!