சவர்க் கிணறும் நல்ல தண்ணீரும்



திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் 2009இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தைக் கடக்கிறார்கள். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. நாட்டின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கடலில் சேருவது இந்தக் கொட்டியாரக் குடாவில்தான். இனிய நீரும் உப்பு நீரும் சந்திக்கும் அத்தாட்சியை ஸூரத்துல் புர்கானில் ஓதுகிற நமக்கு, அதைக் கண்ணால் காணக் கிடைத்த இடம் இது. ஆனால் சுற்றிலும் நீர் சூழ்ந்த இக்கரையோர ஊர்களில், சமையலுக்கு ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று பிரித்து வைக்க வேண்டிய வீடுகளும் உண்டு.

"எங்கள் கிணறு சவர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உப்பு. மற்றது வன்மை. இரண்டிலும் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. பரிகாரமோ வேறு வேறு. இது தெரியாமல் விறகும் காசும் வீணாகின்றன.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கக் கரையோர மணலில், மழைநீர் பாரம் குறைந்ததாகையால் கடல்நீரின் மேல் ஓர் அடுக்காக மிதந்து நிற்கிறது. நம் கிணறு அந்த மேலடுக்கைத்தான் தொடுகிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை அவசரமாகத் திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் உப்பு கூடவே செய்தது. பல கிணறுகளை மெல்ல மெல்லத் தேற்றியது அல்லாஹ் இறக்கிய மழைதான்.

வன்மை அப்படியல்ல. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கல்லிலும் சிப்பித் துகளிலும் உள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதுவே வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படிவதும், தேத்தண்ணீரின் மேல் ஆடை மிதப்பதும், பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். துறைமுகத்துக்கு நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் கொதிகலன்களுக்குப் பெரும் பகையாயிருந்ததும் இதே வெள்ளைக் கல்தான்!

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு போத்தலில் பாதியளவு கிணற்றுநீர் எடுத்து, சவர்க்காரச் சீவல் சிறிது போட்டுக் குலுக்குங்கள். (சலவைத் தூள் வேண்டாம், அது வன்னீரிலும் நுரைக்கும்.) நுரை நின்றால் மென்னீர். தயிர் திரிந்தாற்போல் வெண்படலம் மிதந்தால் வன்னீர். அப்படியானால் அதே நீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை எடுத்து மறுபடி சோதியுங்கள். இப்போது நுரைத்தால் அது தற்காலிக வன்மை. கொதிக்க வைப்பதே போதும். நுரைக்காவிட்டால் நிரந்தர வன்மை. துணி துவைக்கும் நீரில் சிறிது சலவைச் சோடா கரைக்கலாம். கேத்தலில் படிந்த கல்லுக்குத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ ஊற்றி ஊறவைத்தால் கரைந்துவிடும். கத்தியால் சுரண்டிப் பாத்திரத்தைப் பாழாக்காதீர்கள்.

உப்பு நாக்குக்கே தெரியும். அதைக் கொதிக்க வைத்தால் நீர் வற்றி உப்பு கூடுமே தவிரக் குறையாது. பிள்ளைக்குப் பால்மா கரைக்கவும், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் குடிக்கவும் அந்த நீர் ஆகாது. குழாய் நீரோ பவுசர் நீரோ தேடுவதே வழி. திருகோணமலை நகருக்குக் கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. வன்னீரைக் குடிப்பதிலோ பொதுவாகக் கேடில்லை. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தின் பேரில் வன்மைக்கு எல்லை எதுவும் விதிக்கவில்லை.

பல சகோதரிகளுக்கு இன்னொரு சந்தேகம் உண்டு: சவர்த் தண்ணீரில் வுழூ கூடுமா? கடல்நீரைப் பற்றித் தோழர் ஒருவர் கேட்டபோது, அது தூய்மையாக்கக் கூடியதே என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் விடையளித்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. நீர் தங்கும் இடத்தாலும் ஓடிவரும் வழியாலும் அதன் சுவை மாறினால் குற்றமில்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே கிணறு உப்பானாலும் வன்மையானாலும் வுழூவும் கடமையான குளிப்பும் நிறைவேறும். தயம்மும் தேவையில்லை. ஆனால் நாமாகச் சோடாவோ சவர்க்காரமோ கலந்து, தண்ணீர் என்ற பெயரே போகுமளவு மாறிய நீர் துணிக்கு மட்டும்தான். குளிக்கும்போது தோலில் ஒட்டும் சவர்க்காரப் படலத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசியாக வெறும் நீரை உடல் முழுதும் ஊற்றிக்கொள்ளுங்கள்.