நங்கூரம் போட்டா வள்ளம் நிக்குமெல்லோ?

போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்கட ஊர் வாசிகசாலையில் பிள்ளையளுக்கு எச்டிஎம்எல் சொல்லிக்குடுக்கப் போனோம். நாங்கள் மூன்று பேர், இரண்டு பழைய லப்டொப், பதினொரு பிள்ளையள். இன்டர்நெட் இல்லை, தேவையும் இல்லை. நோட்பேடில் எழுதி, கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று சேமித்தால் பிரவுசர் திறந்து காட்டிவிடும்.

முதல் நாள் சொதப்பினோம். ரியூசனில் எங்களுக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே வரைவிலக்கணம் சொல்லி, கொப்பியில் எழுதவிட்டோம். அரை மணித்தியாலத்தில் எல்லாருக்கும் கொட்டாவி.

அடுத்த நாள் கொப்பிகளை மூடச்சொன்னோம். "கோண அடைப்புக்குள்ள எழுதுறது பிரவுசருக்கு. வெளியில எழுதுறது ஆக்களுக்கு. இப்ப உங்கட பேரை அடியுங்கோ." எச்1 டேக்குக்குள் போட்ட பேர் பெரிசாய் வந்தது. எச்6 போட்டால் சின்னனாய்ப் போனது. ஒருத்தன் எச்1ஐ மூட மறந்துவிட்டான், பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து. பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "கதவைத் திறந்தா சாத்தோணுமடா." சாய்கோடு போட்டு மூடுவதை அதற்குப் பிறகு நாங்கள் சொல்லிக்குடுக்க வேண்டி வரவில்லை.

எல்லாரும் கேட்டது படம். 1991இல் டிம் பேர்னர்ஸ்-லீ எச்டிஎம்எல் பற்றி எழுதிய முதல் குறிப்பில் இருந்தவை 18 டேக்குகள்தான், படம் போடும் டேக் அதில் இல்லை என்றோம். "அப்ப நாங்க அவரை விடக் கெதியாப் படிக்கிறம்" என்று ஒரு சத்தம் வந்தது.

ஒரு தம்பி தமிழில் அடிக்கத் தெரியும் என்று வந்தான். கொமினிகேசன் கடையில் பார்த்துப் பழகிய பாமினி. "அம்மா" என்று அடித்தான். பிரவுசரில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. பாமினி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்டுவிடுகிறது, கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான் என்று விளங்கப்படுத்தி, யுனிகோட் விசைப்பலகையைப் போட்டுக்குடுத்தோம். பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரியையும் சேர்த்தோம். திரும்ப அடித்தான், அம்மா வந்தா.

இனி, நாங்கள் சொல்ல வெட்கப்படுகிற விசயம். தரம் எட்டுப் படிக்கிற ஒரு தங்கச்சி இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. டேக்குகள் எல்லாம் ஆங்கிலம், இவளுக்கு ஆங்கிலம் ஓடாது என்று எங்களுக்குள் முடிவெடுத்து, லப்டொப்பில் அவளுடைய முறையைக் கெட்டிக்காரப் பிள்ளையளுக்குக் குடுத்துக்கொண்டிருந்தோம். எங்களையும் ஒரு காலம் அப்படித்தான் பின்வாங்கில் இருத்தினார்கள் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் லிங்க். "ஏ" என்ற டேக் ஆங்கிலத்தில் நங்கூரம் என்ற சொல்லின் முதலெழுத்து என்று சொன்னோம். அவள் கை உயர்த்தினாள்.

"அக்கா, நங்கூரம் போட்டா வள்ளம் அங்கயே நிக்குமெல்லோ? இது ஏன் வேற பக்கத்துக்குக் கொண்டுபோகுது?"

எங்களிடம் மறுமொழி இல்லை. எத்தனை வருசமாக அந்த டேக்கை எழுதுகிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை. இரவு தேடி வாசித்தோம். லிங்க் ஒன்றுக்கு இரண்டு முனைகள். இரண்டு முனையையுமே நங்கூரம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் அதைச் சொன்னபோது அவள் தலையாட்டினாள். "அப்ப கயிறு ரெண்டு பக்கமும் கட்டியிருக்கு."

அன்று லப்டொப்பை அவளிடம் குடுத்தோம். இரண்டு பக்கங்கள் செய்தாள். ஒன்றின் தலைப்பு கரை, மற்றது கடல். கடலில் அப்பா பிடிக்கிற மீன்களின் பட்டியல்: ஒட்டி, விளை, சூடை. மற்றப் பிள்ளையளின் லிங்குகளை அழுத்தினால் போகலாம், திரும்பி வர வழி இராது. இவள் மட்டும் கடலின் அடியில் இன்னொரு லிங்க் போட்டிருந்தாள்: "கரைக்கு வா."

உங்கட ஊரிலும் ஒரு பழைய லப்டொப் கிடக்கும். தூசியைத் தட்டிக்கொண்டு போங்கோ. முதலில் பின்வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் குடுங்கோ.