ஜீப்பின் பூர்வீகம்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் பழைய ஜீப் எதைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது யுத்த காலத்து வண்டி. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது." எங்கள் பெரியப்பா வீட்டு ஜீப்புக்கும் அந்தப் பெருமைதான். பலாமரத்தடியில், தகரக் கொட்டகைக்குள், டயர் பாதி மண்ணில் புதைந்து பல வருஷமாக நின்றிருந்தது. அதைத் திரும்ப ஓடவைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது எந்த வண்டி, எங்கிருந்து வந்தது? பாகம் வாங்கப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது மாடலையும் வருஷத்தையும்தான். எங்களிடம் இருந்த ஆர்.சி. புத்தகமோ நகல், முதல் சொந்தக்காரர் யார் என்பது அதில் இல்லை.

சித்தப்பா மகனுக்கு வேறு ஆசை. மேல்தகரத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, குழாய்க்கூண்டு கட்டி, பெரிய டயர் மாட்டி, மணல்மேட்டில் பறக்கிற பக்கி வண்டியாக ஆக்கிவிடலாம் என்றான். அவனுக்காகவே அந்த வண்டியின் கதையையும் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினையும் அச்சையும் எடுத்து, மேலே இழைக்கண்ணாடியில் வார்த்த லேசான உடலைப் பொருத்தினார். மேயர்ஸ் மாங்ஸ் என்று பெயர். 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து திஹுவானா வரை 35 மணி நேரத்துக்குள் அதில் கடந்து காட்டினார். அதன் சூத்திரம் எளிது: எஞ்சின் பின்னால், பாரம் முழுக்கப் பின்சக்கரத்தின் மேல், முன்பக்கம் காலி. மணலில் புதையாமல் மிதந்து போகும். நம் மலையில் மணல் எங்கே இருக்கிறது? இங்கே இருப்பது மழை பெய்தால் வழுக்கும் செம்மண், காய்ந்தால் உருளும் கல், அறப்பளீசுவரர் கோயில் பக்கம் போனால் ஓடைக்கரைப் பாறை. முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறமுடியும். "தம்பி, உன் பக்கி வண்டிக்குக் கடற்கரை வேணும்" என்று சொன்னதும் அவன் விட்டுவிட்டான். பிறகு துருவைச் சுரண்டுவதில் என்னைவிட அவனே மும்முரம்.

யுத்த காலத்து வண்டியா என்ற கேள்விக்குப் பதில் வண்டியின் முகத்திலேயே இருந்தது. இரண்டாம் உலகப்போருக்கு அமெரிக்க ராணுவம் 1940-இல் ஒரு சிறிய வண்டி கேட்டது. பாண்டம் என்ற சின்ன கம்பெனிக்காக கார்ல் புரோப்ஸ்ட் வரைந்து கொடுத்த வண்டி அந்த செப்டம்பரில் சோதனைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பெருமளவில் செய்தவர்கள் வில்லிஸும் ஃபோர்டும். இருவருமாக ஆறு லட்சத்துக்கு மேல். அந்தப் போர்க்கால ஜீப்புக்கு முன்கிரில்லில் ஒன்பது பிளவு, தாழ்ந்த பானெட், இடப்பக்கம் ஸ்டியரிங். ஹெட்லைட்டைப் பின்பக்கம் திருப்பினால் ராத்திரியில் எஞ்சினுக்கே வெளிச்சம் காட்டும். எங்கள் வண்டியில் பிளவு ஏழு. ஸ்டியரிங் வலப்பக்கம். பானெட்டோ நெற்றி தூக்கினாற்போல உயர்ந்து நிற்கிறது.

அந்த உயரம்தான் துப்பு. போர்க்கால வில்லிஸ் எஞ்சினில் இரண்டு வகை வால்வும் கீழே பிளாக்கிலேயே இருந்தன. அதனால் தலை குட்டை. பிறகு அதே எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வை மேலே ஹெட்டுக்கு ஏற்றினார்கள். புகை வெளியேறும் வால்வு கீழேயே நின்றது. 60 குதிரைசக்தி 70-ஐத் தாண்டியது, எஞ்சினும் உயர்ந்தது. ஹரிக்கேன் என்று பெயர். பழைய பானெட் மூடவில்லை. புதிதாக ஒன்றை வரைவதை விட்டுவிட்டு இருந்ததையே தூக்கிக் கட்டினார்கள். அந்த மாடல்தான் 1953-இல் வந்த சி.ஜே.3பி. அழகில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த நெற்றிதான் பிடிக்கும். ஒரு தேவை உருவத்தை மாற்றியதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வண்டி வேறு கிடையாது. அமெரிக்காவில் 1968-இல் இதை நிறுத்தினார்கள். இந்தியாவில் மகிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் செய்தது. 1945-இல் மகிந்திரா & முகமது என்ற இரும்பு வியாபாரக் கம்பெனியாகத் தொடங்கி, கூட்டாளி குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனபின், 1948-இல் மகிந்திரா & மகிந்திரா என்று பெயர் மாறிய கம்பெனி அது. அடுத்த ஆண்டே பம்பாய் மஸகானில், பிரித்து வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது.

ஆக, எங்கள் வண்டி போருக்குப் பிறகு வந்தது. இதைச் சொல்ல பானெட்கூட வேண்டாம், மலைச்சாலையே சாட்சி. கீழே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சாலை 1960-களில்தான் வந்தது. அதுவரை கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுக்கும் ஒற்றையடிப் பாதைதான், தலைச்சுமைதான். வெள்ளைக்காரன் ஜீப்பை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமானால் அதைத் தூக்கித்தான் வந்திருக்க வேண்டும்.

எந்த வருஷம் என்பது பெயின்ட்டுக்குள் இருந்தது. மேலே நீலம். அதைத் தண்ணீர்த் தாள் போட்டுத் தேய்த்தால் மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் ஒரு மங்கிய சாம்பல். சாம்பலுக்குப் போனதும் நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையாலேயே தேய்த்தோம். பானெட்டின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தன. ஒரு வரியில் "லிமலை". கீழ் வரியில் "ஒன்றி". கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் ஜீப்! மதராஸ் ஊராட்சிச் சட்டம் 1958-இல் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றியங்கள் அமைந்தபின், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தெரிந்த ஜீப் வட்டார வளர்ச்சி அதிகாரியின் பி.டி.ஓ. ஜீப்தான். எங்கள் தலைமுறையின் தாத்தாக்களுக்கு அரசாங்கம் என்றால் அந்த வண்டியின் சத்தம். விதை வந்தாலும் அதில், அம்மை குத்துபவர் வந்தாலும் அதில், ஓட்டுப்பெட்டி வந்தாலும் அதில்.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது எழுத்தின் வடிவம். அந்த "லை"யில் இன்றைய கொம்புக்குப் பதில் பழைய முறைத் தும்பிக்கை இருந்தது. 1978 அக்டோபரில் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அலுவலகங்களில் அந்த வடிவம் மெல்ல மறைந்தது. பெயின்டர் கை பழக்கத்தால் ஓரிரு வருஷம் தாமதித்திருக்கலாம். அதற்கு மேல் நீளாது. சாலை வந்தது 1960-களில், எழுத்து மாறியது 1978-இல். எங்கள் வண்டி இந்த மலையில் முதலில் உருண்ட காலம் அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு இரும்பு வண்டியின் வயதை "லை" எழுத்து சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மஞ்சள் எப்போது ஏறியது என்பதைப் பெரியப்பாவின் பழைய டிரைவர் சொன்னார். அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. நாங்கள் மாமா என்போம். ஏலத்தில் எடுத்த ஒரு கான்ட்ராக்டர், பாக்சைட் வெட்டும் வேலைக்கு ஓட்டினாராம். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலும் இங்கேயும் பாக்சைட் எடுத்த காலம் அது. "அந்த மண்ணு ஏறுனா வண்டி தன்னாலயே மஞ்சளா செவப்பாத்தான் தெரியும், அதுக்குன்னே மஞ்சள் அடிச்சாங்க" என்றார் மாமா. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்ததும் அந்தக் காலத்தில்தான். மலை ஏறி வருகிற பெட்ரோலின் விலைக்கு வாடகை கட்டுபடியாகவில்லை. பழைய ஹரிக்கேன் எஞ்சினுக்காகத் தூக்கிய அந்த நெற்றி, டீசல் எஞ்சினுக்கும் இடம் கொடுத்தது. அது ஆர்.சி.யிலும் முறைப்படி ஏறியிருக்கிறது. பெரியப்பா வாங்கியபின் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றப் பின்பாடியை ஒரு முழம் நீட்டினார்.

வண்டியைத் தலைகீழாகப் பிரித்தபோது பின்பம்பரின் இழுவைக் கொக்கியில் ஒரு சங்கதி. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் ஆங்கில "எஃப்" எழுத்து. போர்க்காலத்தில் ஃபோர்டு தான் செய்த ஜீப்பின் போல்ட்டுக்குக்கூடத் தன் எழுத்தைப் பொறித்தது. அமெரிக்கப் படை அசாமிலும் பர்மாவிலும் ஓட்டிய ஜீப்புகள் போர் முடிந்ததும் உபரியாக விற்பனைக்கு வந்து நாடெங்கும் பாகம் பாகமாகப் பரவின. எங்கேயோ ஒரு பட்டறையில் அப்படி வந்த கொக்கியை இதில் மாட்டியிருக்கிறார்கள். பெரியப்பாவிடம் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்று ஒரே வார்த்தை. அந்தக் கொக்கி அளவுக்கு அவர் சொன்னது மெய்தான்.

சரிசெய்யும் வேலையில் பிரேக்தான் முதல். இந்த வகை வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு பிரேக்கும் போய்விடும். 70 வளைவுக்கு மேலே குடியிருந்துகொண்டு அதை அப்படியே விடமுடியாது. இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் வைத்தோம், குழாய் முழுக்கப் புதிது போட்டோம். பழமைக்காக உயிரைப் பணயம் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிறகு கமான் பட்டைகள், கிங் பின், முன்ஹவுசிங் உருண்டையில் ஒழுகிய ஆயில் சீல், துருப்பிடித்து உதிர்ந்த தரைத்தகடு. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பக்கத்தில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். தகடு வளைக்கவும் லேத் பிடிக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜீப் சாமான் சென்னைப் புதுப்பேட்டையில் கொஞ்சம் கிடைத்தது. கிடைக்காதது வடக்கே, ஹரியானா எல்லையில் பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்பதற்கென்றே பேர்போன மண்டி டப்வாலியிலிருந்து பார்சலில் வந்தது.

பின்னாலிருந்து பார்த்தால் ஹவுசிங்கின் உருண்டை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வளைந்துவிட்டதோ என்று நினைப்பவர்கள் உண்டு. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி எஞ்சினின் வலுவைப் பக்கவாட்டில் இறக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நேர்கோட்டில் அனுப்புகிறது; அதனால்தான் அந்த ஒதுக்கம். போர்க்கால ஜீப்பிலிருந்து மாறாமல் வந்த அமைப்பு இது. லோ கியர் போட்டு முதல் கியரில் வைத்தால் எஞ்சின் சுமார் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். மனிதன் நடப்பதைவிட மெதுவாக வண்டி ஏறும்.

முதலில் ஓட்டியது எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதையில். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காதே, எஞ்சினே பிடிக்கட்டும். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடாதே, சக்கரம் கல்லில் மோதினால் வளையம் திருகி விரலை முறிக்கும். தார் ரோட்டுக்கு ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடு. இந்தக் கடைசி விதிக்கு நான் காரணம் படித்திருந்தேன்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் உருளும்; மண்ணானால் சக்கரம் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் சறுக்க வழியில்லாமல் ஷாஃப்ட் முறுக்கேறும். மாமா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. லீவர் கழன்று வர மறுப்பதை வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது வெளியூரிலிருந்து பெரிய டயர் வண்டிகள் கூட்டமாக வந்து ஓடையில் இறங்கி ஆடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது சம்மதமில்லை. அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே ஐயாறாகிப் புளியஞ்சோலைக்குப் போகிறது. அந்தப் பாதை ஒருவரின் சாமைக்காட்டுக்குப் போகும் பாதை. ஒரு மழையில் டயர் கிழித்த பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். லோ கியரில், சக்கரம் சுழன்று மண்ணைக் கிளறாமல் ஏறுவதில்தான் ஓட்டுபவரின் கை தெரியும்.

வேலை முடிந்ததும் நண்பர்கள் விண்டேஜ் பதிவு வாங்கச் சொன்னார்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு "விஏ" எழுத்துள்ள தனி நம்பர். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்கவேண்டும். எஞ்சினையோ பாடியையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அதோடு, அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஏற்றலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

அசல் ஹரிக்கேன் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்தது. நீட்டிய பாடியை வெட்டிச் சுருக்கவும் ஆள் இருந்தார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஒன்றிய ஆபீஸ் வண்டியாக ஆக்கினால் பாக்சைட் வண்டி போய்விடும், பெரியப்பாவின் பலாப்பழ வண்டியும் போய்விடும். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த உருவம் மட்டும்தான் அசல் என்றால், இந்த மலையில் அது உழைத்த காலத்துக்கு என்ன பெயர்? டீசல் எஞ்சினை அப்படியே விட்டோம். பானெட்டில் மட்டும் நீலம் அடிக்காமல், சுரண்டிய சாம்பல் மேல் வார்னிஷ் பூசி "லிமலை"யைப் படிக்கும்படி வைத்திருக்கிறோம். சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. இந்தச் சாகுபடி மிளகு அதில்தான் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறது. ஓட்டுவது சித்தப்பா மகன்.