பருவம் முடிந்த பிறகு உல்லையில்

அறுகம்பே என்றதும் பலருக்கும் நினைவு வருவது அலையும், அதன் மேல் பலகையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களும்தான். நான் அங்கு போவதோ பெரும்பாலும் அவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு.

என் ராத்தா உல்லையில் இருக்கிறா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். மச்சானுக்குக் கடற்கரையோரம் ஒரு துண்டுக் காணி இருந்ததால் ராத்தா கல்முனையை விட்டு அங்கு போய்விட்டா. அந்தக் காணியில் மூன்று கபானாக்கள். ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை ஆட்கள் வருவார்கள். கச்சான் ஓய்ந்து வாடை திரும்பினால் கடல் கலங்கும், மழை பிடிக்கும். அதற்குமுன் எல்லாவற்றையும் கழுவி மூடிவைக்க வேண்டும். கடந்த ஒக்டோபர் கடைசியில் அந்த வேலைக்கு உதவியாகப் போனேன்.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அக்கரைப்பற்று தாண்டினால் வழியெல்லாம் பெரும்போக விதைப்புக்கு உழுது போட்ட வயல்கள். திருக்கோவில், கோமாரி கடந்து பொத்துவிலில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் பழைய பாலத்தைச் சிதைத்தது. இப்போதிருக்கும் பாலம் அமெரிக்க உதவியில் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. அதைக் கடக்கும்போது ராத்தா தாங்கி கழுவத் தொடங்கியிருப்பாவோ என்றுதான் யோசித்தேன்.

காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடமும் மூடத்தான் செய்தார்கள். மோட்டரை நிறுத்தி, எல்லாப் பைப்புகளையும் திறந்துவிட்டு, தண்ணீர் வருவது நின்றதும் தாங்கி காலி என்று நினைத்துவிட்டார்கள். தாங்கியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாய் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். அடியில் கிடக்கும் மணலும் ஊத்தையும் குழாய்க்குள் போகாமலிருக்கத்தான் அப்படி. அந்த நாலு விரல் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. வாடைக்காற்று மூடியையும் கொஞ்சம் நகர்த்தியிருந்தது. ஜனவரியில் சின்னவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது குடம்பிகள் நெளிந்தன. அந்தத் தாங்கி நுளம்புதான் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்தாவுக்கு அந்தக் காட்சியே போதுமாயிருந்தது.

2017இல் நம் நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது நமக்கு நினைவிருக்கும். தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் அந்த நுளம்புக்குத் தேவை. அதிலும் ஒரு விஷயம் எனக்கே அன்றுதான் விளங்கியது: அது முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி இடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மழைத்தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை வெளியேற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது தாங்கியின் அடியில் புதிதாக ஒரு போல் வால்வு போட்டிருந்தார்கள். அதைத் திறந்ததும் கடைசித் தண்ணீரும் மணலோடு கொட்டியது. ராத்தா தும்புத்தடியால் உள்ளே தேய்க்க, நான் வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். தேய்த்த தண்ணீரும் அதே வழியாகப் போனது.

அடுத்தது குழாய்கள். கால் மணல் கழுவ வாசலில் உள்ள பைப்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது. அதைத் திறந்தேன். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது.

"மேல ஷவரத் திற புள்ள. காத்துப் போனாத்தானே தண்ணி வரும்" என்றா ராத்தா.

திறந்ததும் குழாய் கடகடவென்று சத்தமிட்டு மிச்சத்தையும் கக்கியது. ஸ்ட்ரோவின் மேல் நுனியை விரலால் பொத்தினால் உள்ளிருக்கும் பானம் விழாதே, அதே கதைதான்.

கொமட்டின் மேற்பெட்டியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தோம். ஆனால் கொமட்டுக்குள் நிற்கும் தண்ணீரை எடுக்கக் கூடாது. அதுதான் குழியின் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. அதன்மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, குடம்பிக்கும் மூச்சு விட முடியாது.

கிணற்றை மட்டும் ராத்தா இறைக்க விடமாட்டா. மணற்பாங்கான இந்தக் கரையில் நன்னீர், உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. சுனாமிக்குப் பிறகு உப்பைப் போக்கவென்று கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில், சில இடங்களில் கீழிருந்த உப்புத்தான் மேலே வந்தது. மழைதான் மெல்ல மெல்லக் கழுவிக் கொடுத்தது. ஆகவே கிணற்றுக்கு வலை போட்டு மூடுவதோடு சரி.

பின்னேரம் கனடாவிலிருந்து மூத்த மகன் போன் எடுத்தான். அவனும் அதே வேலையில்தான் இருந்தானாம். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சின்ன ட்ரெய்லர் வீடொன்று வாங்கியிருக்கிறான். உறைபனி விழுமுன் அதன் குழாய்களை ஒட்ட வடிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்களவு பருத்துவிடும், குழாய் வெடித்துவிடும். ட்ரெய்லரின் அடியில் சுடுதண்ணீருக்கு ஒன்றும் பச்சைத் தண்ணீருக்கு ஒன்றுமாக வால்வுகள். கொமட்டுக்கும் பேசினுக்கும் உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றுவானாம்.

"நாங்க தேங்காய் எண்ணெய் ஊத்தினம்" என்றேன். சிரித்தான்.

மச்சான் இடையில் புகுந்தார். அவருக்கும் ராத்தாவுக்கும் காலையிலிருந்தே வழக்கு. வால்வைப் பூட்டி வைத்தால் பூச்சி, பல்லி ஏறாது என்பது அவர் கட்சி. பூட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும் என்பது ராத்தாவின் கட்சி.

"பாதி திறந்து விடுங்க வாப்பா" என்றான் அவன். "முழுக்கப் பூட்டினா அந்தப் போலின்ட ஓட்டைக்குள்ளயே கொஞ்சம் தண்ணி சிக்கிரும். இங்க அது உறைஞ்சா வால்வே பிளந்திரும். கைபிடியச் சரிவா நிப்பாட்டினா அதுவும் வடிஞ்சிரும்."

உல்லையில் எது உறையப் போகிறது என்று மச்சான் முணுமுணுத்தார். ஆனாலும் கைபிடியைச் சரிவாக நிறுத்தியது அவர்தான். ராத்தா பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி, வால்வின் வாயில் சுற்றி நூலால் இறுகக் கட்டினா. பல்லிப் பயத்துக்கும் அது மருந்து. மூடியின் மேல் இரண்டு கல்லும் ஏற்றினோம்.

2019, 2020, 2022 என்று வருமானம் படுத்த வருடங்களை மச்சான் சாப்பிடும்போது எண்ணிக்கொண்டிருந்தார். சின்னவள் என் மடியில் தூங்கிவிட்டாள். நள்ளிரவில் மழை பிடித்தது. ராத்தா டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனா. நானும் பின்னால் போனேன். கட்டிய வலையூடாகத் துளித் துளியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"மூடியில எங்கயோ நீக்கல் இருக்கு" என்றா ராத்தா. "விடியட்டும், ஏறிப் பாப்பம்."