சங்கிலிச் சத்தம்

ஒரு பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்களா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இரும்புக் கம்பத்தைச் சுற்றித் தொங்கும் சங்கிலிகளில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று மோதி, கீழே உள்ள கூடைக்குள் விழும் ஓசை அப்படிப்பட்டது. கலகலவென்று ஒரு நொடி, அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்காக மிச்சிகனின் ஏப்ரல் குளிரிலும் ஜூலைக் கொசுக்கடியிலும் மனிதர்கள் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறார்கள். பல வருடங்களாக நானும் அவர்களில் ஒருத்தி.

ஆட்டத்தை விளக்க அதிக நேரம் ஆகாது. கோல்ஃபில் பந்து, மட்டை, குழி; இதில் தட்டு, கை, கூடை. எறிமேடையிலிருந்து முதல் வீச்சு, தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு, கூடைக்குள் விழும்வரை எத்தனை என்பதே கணக்கு. 18 கூடைகள் கொண்ட திடல்தான் வழக்கம். ஒவ்வொரு கூடைக்கும் இத்தனை வீச்சில் முடிக்க வேண்டும் என்று ‘பார்’ என்னும் ஓர் அளவு உண்டு, பெரும்பாலும் 3. அதில் ஒன்று குறைத்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. முதல் வீச்சிலேயே கூடைக்குள் போனால் ஏஸ்.

இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது ஃபிரிஸ்பீயின் மேற்புறத்தில் மெல்லிய வளையக்கோடுகளைச் சேர்த்து, அது தள்ளாடாமல் பறக்க வழி கண்டவர் அவர். அதற்கு 1967இல் காப்புரிமை கிடைத்தது. 1975இல் கலிபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜில், ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடல் அமைந்தது. அப்போது வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று ஓயாத வாக்குவாதம் எழவே, அதைத் தீர்க்கப் பிறந்தவைதான் சங்கிலியும் கூடையும். 1976இல் பி.டி.ஜி.ஏ. என்னும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் அவரே தொடங்கினார். 2002இல் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி, சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். ஓர் ஆட்டத்தின்மேல் ஒருவர் வைத்த பிரியத்துக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு இந்த ஆட்டத்தைக் காட்டியவர் அலுவலகத் தோழி. டெக்ஸ்டர் ஊருக்கு அருகே, ஹியூரான் ஆற்றை ஒட்டிய ஹட்சன் மில்ஸ் பூங்காவுக்கு அழைத்துப்போனார். அதிகச் செலவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில்தான் நான் முதன்முதலாக ஒரு பொருளைத் தூரமாக எறியக் கற்றுக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எறிகிற ஆட்டமெல்லாம் பையன்களுக்கு. எங்களுக்கு மரத்தடியில் உட்கார்ந்து பேசுவதுதான் விளையாட்டுப் பீரியட். தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு கை வழியே வெளியேறும் அந்த உணர்வு எனக்கு முற்றிலும் புதிது. அன்று எறிந்த தட்டுகளில் ஒன்று, ஒன்றே ஒன்று, தரைக்கு இணையாக மிதந்து, பிறகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, கூடைக்கு அருகில் போய் அமர்ந்தது. அதோடு நான் மாட்டிக்கொண்டேன்.

தட்டு பறப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் ஆடினால் வெறும் எரிச்சல்தான் மிஞ்சும். வலது கையால் உடலுக்குக் குறுக்கே இழுத்து எறிவதுதான் வழக்கமான வீச்சு. அப்படி எறிந்த தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் சாயப் பார்க்கும். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சரிந்து இறங்கும். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே விதிதான். காற்று தட்டின் முன்விளிம்பைத் தூக்கப் பார்த்தால் அது இடப்பக்கம் சாயும், அழுத்தப் பார்த்தால் வலப்பக்கம் சாயும். தட்டுகளை விற்பவர்கள் இதை நான்கு எண்களாகச் சொல்வார்கள்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்புறம் திரும்பும் அளவு, முடிவில் இடப்புறம் சரியும் அளவு. எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ‘பஸ்ஸ்ஸ்’ என்ற தட்டுக்கு 5, 4, -1, 1. அதாவது, மிதமான வேகத்தில் கிட்டத்தட்ட நேராகப் போய் மெதுவாக இறங்கும்.

எண்கள் சொல்லாதவை ஏராளம். எதிர்காற்றில் அதே தட்டு வலப்புறம் புரண்டு புதருக்குள் போகும். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரமே தரை தட்டும். கையை விட்டுப் புறப்படும்போது முன்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கினாலும் போதும்: ஆகாயத்தில் ஏறி, ஒரு கணம் நின்று, இடப்பக்கம் பொத்தென்று விழும். வலு முழுவதையும் கொடுத்தும் தட்டு பாதித் தூரம்கூடப் போகவில்லை என்று தொடக்கக்காரர்கள் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். வலு போதாததல்ல, கோணம் தவறியதுதான் காரணம் என்பதை உடல் ஏற்றுக்கொள்ள எனக்குப் பல கோடைகள் ஆயின.

தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவருக்கு சர்வதேச வேகப்பந்து வீச்சாளரின் பந்தை எல்லைக்கோட்டுக்கு அடிக்கும் வாய்ப்பு வாழ்நாளில் கிடைக்காது. இந்த ஆட்டத்தில் அப்படிப்பட்ட வேலி இல்லை. 15 மீட்டரிலிருந்து எறிந்து, சங்கிலி நடுவே பிடித்து, கூடைக்குள் விழுந்தால், அது உலகச் சாம்பியன் எறிந்ததற்குச் சற்றும் குறைந்ததில்லை. எங்களைப் போன்றவர்களுக்கும் உச்சம் முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் கேட்டபோது கிடைப்பதில்லை. மகிழ்ச்சியும் வேதனையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. கை ஒருமுறை செய்து காட்டியதை மனம் மறுநாளிலிருந்து தன் உரிமையாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. தன்னால் இயலும் என்று அறியாதவருக்கு அந்த ஏக்கம் இல்லை.

எங்கள் மாநிலத்தின் கென்சிங்டன் மெட்ரோபார்க்கில் பனிக்காலத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் பெரிய குன்று ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே தற்காலிகமாகக் கூடைகள் வைத்து டொபாகன் என்ற திடலை அமைப்பார்கள். 2018இல் நடந்த கிரேட் லேக்ஸ் ஓப்பன் போட்டியில் உலகச் சாம்பியன் பால் மெக்பெத் 18 கூடைகளில் பாருக்கு 18 குறைவாக எறிந்து முடித்தது அங்கேதான். அந்தச் சரிவின் உச்சியில் நின்று கீழே பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. என்னுடைய மிகச் சிறந்த வீச்சுக்கும் அவருடைய வீச்சுக்கும் உள்ள தூரத்தை ஓரளவு கற்பனை செய்துகொள்ள முடிகிறது. என்னுடைய மோசமான வீச்சுக்கும் அவருடைய மோசமான வீச்சுக்கும் உள்ள தூரம்தான் எட்டாதது. சாம்பியன்களின் மோசமான வீச்சுகூடக் கூடையைச் சுற்றியே விழுகிறது.

அவர்களுக்கும் அடி விழும். 2021 உலகச் சாம்பியன் போட்டி யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்தது. கடைசிக் கூடை, மெக்பெத் முன்னிலையில் இருந்தார். அவருடைய போட்டியாளர் ஜேம்ஸ் கான்ராட்டின் தட்டு கூடையிலிருந்து 247 அடி தள்ளிக் கிடந்தது. அங்கிருந்தே உள்ளே போட்டால்தான் சமன். கான்ராட் போட்டார். கூடுதல் ஆட்டத்தில் வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த வீச்சின் காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் கூட்டம் கான்ராட்டை நோக்கி ஓடும். என் கண் மெக்பெத்தின் மேலேயே இருக்கும். தன் பங்கில் குறை ஏதுமில்லாமல் பட்டம் கைநழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். மறு வருடம் கான்சஸ் மாநிலத்தின் எம்போரியாவில் ஆறாவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார்.

எனக்கும் ஓர் ஏஸ் வாய்த்திருக்கிறது. வலப்பக்கம் அதிகம் போன தட்டு ஓக் மரத்தில் பட்டுத் திரும்பி, நேரே சங்கிலியில் போய் விழுந்தது. கூட ஆடியவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வழக்கப்படி எல்லாரும் தட்டின்மேல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அது எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது அந்தச் சிநேகிதர்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது, வீச்சு அல்ல. நான் உள்ளூரக் கொண்டாடும் வீச்சு வேறு. ஹட்சன் மில்ஸின் அடர்ந்த பகுதியில், புதருக்குள் முழங்காலிட்டு, இரண்டு மரங்களின் இடுக்கு வழியே தாழ்வாக எறிந்து, கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, பார் எடுத்த ஒரு வீச்சு. கணக்குத் தாளில் அதற்கு வெறும் 3. எந்தக் கிளைக்குக் கீழே, எந்தக் கோணத்தில் போனது என்பது இன்றும் எனக்கு மனப்பாடம்.

கசப்புகளில் கொடியது எது என்று கேட்டால், தொலைவிலிருந்து தவறும் வீச்சு அல்ல என்பேன். கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிவதற்குத் தனி விதி இருக்கிறது: எறிந்தபின் நிலைதடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நகர வேண்டும். அந்த வட்டத்துக்குள்தான் அழுகை இருக்கிறது. சங்கிலிக்குள் போன தட்டு ஏதோ கோபத்தில் வெளியே வந்து விழும். இன்னும் மோசம், கூடை விளிம்பில் பட்டு, செங்குத்தாகத் தரையிறங்கி, சரிவில் உருள ஆரம்பிக்கும். உருண்டுகொண்டே போகும். பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. 5 மீட்டரிலிருந்து எறிந்தவள் அடுத்ததை 20 மீட்டரிலிருந்து எறிய வேண்டும். ஒரு போட்டியில் மூன்றாம் இடம் எனக்கு இப்படித்தான் போயிற்று. அன்று வீட்டுக்கு வரும்வழியில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. இத்தனைக்கும் எங்கள் பந்தயம் சிறியதுதான். பி.டி.ஜி.ஏ. சங்கம் ஆட்டக்காரர்களுக்குத் தரும் தரப்புள்ளிகளில், வழக்கமான திடலில் ஒரு வீச்சு ஏறக்குறைய 10 புள்ளி. 1000 புள்ளிக்காரர் முழுத் தேர்ச்சி பெற்றவர். 900க்குக் கீழே இருப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. பணப்பரிசு வாங்காதவரை நாங்கள் அமெச்சூர்கள்; ஜெயித்தால் கடையில் தட்டு வாங்கிக்கொள்ளச் சீட்டு தருவார்கள். இவ்வளவு சிறிய பந்தயத்துக்கு மனம் இவ்வளவு நோகிறதே என்று வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது இல்லை. அக்கறை இருக்கிற இடத்தில்தான் நோகும்.

வாராந்தர இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு அடிக்கடி ஜோடியாக வாய்ப்பவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். குலுக்கலில்தான் ஜோடி சேர்ப்பார்கள். இருவரும் எறிந்து, நல்ல வீச்சு விழுந்த இடத்திலிருந்து தொடர்வது முறை. அவர் தூரமாக எறிவதில்லை. ஆனால் வட்டத்துக்குள் அவருடைய தட்டு தவறி நான் பார்த்தது அபூர்வம். குளிர்காலத்தில் பனிக்குள் தட்டு புதைந்தால் தெரிய வேண்டுமென்று அடியில் நீள ரிப்பனை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெறுங்கூடையின் முன் நின்று தனியாக எறிந்துகொண்டிருப்பார். அவரைப் பார்த்துத்தான் நானும் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கூடை வைத்தேன். தூரத்துக்கான புதுப்புதுத் தட்டுகளை வாங்குவதை விட்டேன். என் ஆட்டம் முன்னேறியது இந்த இரண்டால்தான். வேறு ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்ததும், முனையில் வளையம் பொருத்திய நீண்ட கழியை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போவார். சேற்றுக்குள் கிடக்கும் தட்டுகளை வழித்தெடுத்து, பூங்காக் குழாயில் கழுவி, பின்புறத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அங்கேயே நின்று போன் செய்வார். தொலைத்தவர் ஒரு வருடத்துக்கு முன்பே அதை மறந்திருப்பார். ஒரு முறை, நெடுநாள் கழித்து, என் பஸ்ஸ்ஸ் தட்டையும் அவரே அப்படி எடுத்துக் கொடுத்தார். தண்ணீரில் போட்ட அன்றைய எரிச்சல் எதுவும் எனக்கு நினைவில்லை. எங்கோ ஒரு மனிதர் என் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடினார் என்பது மட்டும் நிற்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு, குறிப்பாக எறிகிற வாய்ப்பே கிடைக்காமல் வளர்ந்த பெண்களுக்கு, ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பூங்காவிலோ பக்கத்து ஊர்ப் பூங்காவிலோ அந்தக் கூடைகள் இருக்க வாய்ப்பு அதிகம். பல ஊர்களில் பெண்களுக்கென்றே வாராந்தர ஆட்டம் நடக்கிறது. தொடங்கும்போது வேகம் அதிகமான டிரைவர் தட்டு வேண்டாம். அது பழகாத கைக்கு அடங்காது. மிதவேகத் தட்டு ஒன்று, கூடையருகே எறிவதற்கு ஒன்று, இரண்டே போதும். இரண்டிலும் அழியாத மையில் பேரையும் போன் எண்ணையும் எழுதிவிடுங்கள். புதருக்குள் வேறொருவர் தட்டு கிடைத்தால், திருப்பிப் பாருங்கள். எண் இருந்தால் கூப்பிடுங்கள்.