கடைசிக் கம்பம்

மலேசியத் தமிழர் வழக்கில் ‘கம்பம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலாய் மொழியின் ‘கம்போங்’ தமிழர் நாவில் உருமாறிக் கம்பமாகிச் சிற்றூரைக் குறித்தது. மின்கம்பியைத் தாங்கி நிற்கும் தூணும் கம்பமே. கம்பத்துக்குக் கம்பம் வந்தால்தான் வெளிச்சம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த வேடிக்கைக்குள் ஒரு வினாவும் ஒளிந்திருக்கிறது. வந்து சேரும் கம்பத்திற்குப் பணம் கொடுக்க வேண்டியவர் யார்?

இவ்வினாவை ஏட்டில் படித்தறியாமல் வாழ்வில் பட்டறிந்தவர் ஒருவர். ரப்பர்த் தோட்டத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிப் பின்னர் வேறு கைக்கும் மாறியபோது, பிறந்து வளர்ந்த லயத்து வீட்டை அவர் காலி செய்ய வேண்டியதாயிற்று. சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அரை ஏக்கர் நிலம் வாங்கினார். பெருஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிந்து செல்லும் செம்மண் தடத்தின் ஓரத்தில், ஆள் குடியேறாத பகுதியில் அந்நிலம் இருந்தது. விலை மலிவாக இருந்ததே என்று அவர் மகிழ்ந்தார். மலிவுக்குக் காரணம் வீட்டுக்குக் கூரை போட்ட பிறகே அவருக்கு விளங்கியது. சாலையோரத்து மின்கம்பத்திலிருந்து அவருடைய வாசல் 300 மீட்டருக்கும் அப்பால் இருந்தது. இடையே ஏழு கம்பங்கள் நட வேண்டும்.

மின் அலுவலகத்தில் இருந்த இளம்பெண் மரியாதையாகவே பேசினார். “அங்கிள், வீட்டுக்குள்ளே கம்பியிழுப்பது உங்கள் செலவு. அது உங்களுக்கே தெரியும். ஆனால் அங்கே லைனே இல்லை. லைனை உங்கள் வீடுவரை கொண்டு வரும் செலவிலும் பங்கு கட்ட வேண்டியிருக்கும்” என்றார். சில வாரங்கள் கழித்து மதிப்பீட்டுக் கடிதம் வந்தது. அதில் கண்டிருந்த தொகை, அவர் கையில் மீந்திருந்த சேமநிதிப் பணத்தில் பாதியை விழுங்கக் கூடியதாக இருந்தது.

அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்தக் கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். மனைவி நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு ஒன்றே ஒன்று சொன்னார். “ஏங்க, நாப்பது வருசம் விடியறதுக்கு முன்னாடி நெத்தி விளக்கோட மரம் வெட்டினோம். கடைசிக் காலத்திலயும் இருட்டுலதான் இருக்கணுமா?” மறுநாள் காலையில் அவர் வங்கிக்குப் போனார்.

இந்த மனிதரின் துயரம் தனி ஒருவரின் துயரமன்று. இந்நாட்டு மின்சார வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங் நகரில் தங்கள் ஈயச் சுரங்கத் தொழிலுக்காக மின்னாக்கி இயந்திரம் நிறுவியவர்கள் லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். ஆயினும், அதே நாட்டின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் லயங்களுக்கு அந்த வெளிச்சம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 1990இல் வாரியம் நிறுவனமாக்கப்பட்டது. நகரங்களும் சிறுநகரங்களும் ஒளி பெற்ற அக்காலத்தில், தோட்டங்கள் பல சொந்த மின்னாக்கியையே நம்பியிருந்தன. மாலையில் உறுமத் தொடங்கும் இயந்திரம் இரவு பத்து மணியளவில் அடங்கிவிடும். அதன்பின் படிக்க விரும்பிய பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை.

இதற்குக் காரணம் வெறும் அலட்சியம் மட்டுமன்று. தோட்டம் என்பது தனியார் நிலம். பொதுச் சாலையோரமாக வரும் மின்பாதையிலிருந்து, உள்ளே மைல் கணக்கில் தள்ளியிருக்கும் லயத்திற்குக் கம்பி இழுக்கும் செலவை யாரேனும் ஒருவர் ஏற்க வேண்டும். முதலாளி தயங்கினார். தொழிலாளிக்கோ வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. உயர்அழுத்த மின்கம்பிகள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்க, கீழே குடிசைக்குள் இருள் சூழ்ந்திருந்த காட்சியைக் கண்ட தலைமுறை இன்னும் மறையவில்லை. மின்சாரம் பக்கத்தில் இருப்பது வேறு, வீட்டிற்கு வருவது வேறு என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஒரு மின்பாதையை நீட்டுவதற்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று வினவுவோரும் உண்டு. வீடுகளுக்குச் செல்லும் தாழ்அழுத்தப் பாதையில், கம்பத்திற்கும் கம்பத்திற்கும் இடையே பொதுவாக 40 முதல் 50 மீட்டர் வரை இடைவெளி விடுவார்கள். கம்பத்தின் விலை ஒருபுறம் இருக்க, குழி தோண்டுதல், கம்பி இழுத்தல், மரங்களை வெட்டி வழி சீர்படுத்தல், இழுவிசையைத் தாங்கும் தாங்குகம்பிகளை நாட்டுதல் எனப் பல வேலைகள் அதில் அடங்கும். பிறருடைய நிலத்தின் வழியாகக் கம்பி செல்லுமாயின் அவரது ஒப்புதலையும் பெற வேண்டும். இவையனைத்திற்கும் மேலாக இயற்கையின் விதி ஒன்றும் குறுக்கே நிற்கிறது. கம்பி நீள நீள மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஓரளவுக்கு மேல் நீண்டால், கடைசி வீட்டில் விளக்கு மங்கும், குளிர்பதனப் பெட்டி திணறும். அப்போது உயர்அழுத்தப் பாதையையே உள்ளே கொண்டுவந்து புதிய மின்மாற்றி ஒன்றை நிறுவ வேண்டிவரும். பத்து வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் இச்செலவு பத்தாகப் பிரியும். ஒற்றை வீடு நிற்கும் இடத்தில் அது ஒருவர் தலையிலேயே இறங்கும்.

இச்சுமையைப் பங்கிட உலகம் மூன்று வழிகளைக் கண்டிருக்கிறது. கேட்பவரே முழுச் செலவையும் கட்டுவது முதல் வழி. மின் நிறுவனம் முழுச் செலவையும் ஏற்று, எல்லாப் பயனீட்டாளரின் மாதக் கட்டணத்திலும் அதைப் பரப்பிவிடுவது இரண்டாவது. ஓர் எல்லைவரை நிறுவனமும் அதற்கு மேல் கேட்பவரும் தருவது மூன்றாவது. முதல் வழியில் ஏழை நசுங்குகிறான். இரண்டாம் வழி அறமாகத் தோன்றினும் அதிலும் ஓர் இடர் உண்டு. மலையுச்சியில் ஓய்வு மாளிகை கட்டும் செல்வருக்காக, நகரத்து அடுக்குமாடியில் ஒற்றை விளக்கோடு வாழும் விதவை தம் கட்டணத்தில் பங்கு செலுத்த நேரிடும். ஆகவே மூன்றாம் வழியைப் பல நாடுகள் பல வடிவங்களில் மேற்கொள்கின்றன. மலேசியாவின் 1990ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டமும், மின்பாதை அமைப்பதில் நியாயமாக ஏற்பட்ட செலவைக் கேட்பவரிடம் வசூலிக்க வழங்குநருக்கு இடமளிக்கிறது.

பிற நாட்டு அனுபவங்களும் இங்கு எண்ணத்தக்கன. 1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகள் மின்னொளி பெற்றிருந்தன. பண்ணை வீடுகளிலோ ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் அந்தப் பேறு கிட்டியிருந்தது. வீடுகள் சிதறிக் கிடப்பதால் பாதை நீட்டுவது ஆதாயமாகாது என்று தனியார் நிறுவனங்கள் கருதின. அல்லது உழவரே செலவைக் கட்ட வேண்டும் என்றன. 1935இல் அமெரிக்க அரசு கிராம மின்மயத்திற்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவி, 1936இல் சட்டமும் இயற்றியது. குறைந்த வட்டிக் கடனைப் பெற்ற உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். ஒருவரால் இயலாதது ஊரால் இயன்றது.

கென்யாவில் வேறொரு காட்சி. அங்கே வீடொன்றுக்கு இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங்காகப் பல ஆண்டுகள் இருந்தது. மின்மாற்றிக்கு அருகிலேயே வாழ்ந்தும், அதைக் கட்ட இயலாமல் இருளில் இருந்த குடும்பங்கள் எத்தனையோ. 2015இல் அரசு அக்கட்டணத்தை 15,000 ஷில்லிங்காகக் குறைத்துத் தவணையில் செலுத்தவும் வழி செய்தது.

பிரிட்டனில் மற்றொரு நுட்பமான விதி உண்டு. முதலில் ஒருவர் பணம் கட்டிப் பாதை போடச் செய்கிறார். குறித்த ஆண்டுகளுக்குள் வேறொருவர் அதே பாதையிலிருந்து இணைப்புப் பெற்றால், பின்வந்தவர் தம் பங்கைச் செலுத்த, அது முன்வந்தவருக்குத் திருப்பித் தரப்படும். அங்கு ஐந்தாண்டாக இருந்த அக்காலவரை, 2017ஆம் ஆண்டின் விதிகளால் பத்தாண்டாக நீட்டப்பட்டது. பாதையைத் திறந்தவர் அதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்னும் கொள்கையே இதன் உயிர்நாடி.

ஏழு கம்பங்களுக்குப் பங்கு கட்டிய பெரியவர் இவற்றையெல்லாம் அறிந்தவரல்லர். தாம் ஒப்பமிட்ட தாள்களில், பணம் திரும்பி வருவதைப் பற்றிய வாசகம் எதையும் அவர் காணவில்லை. கம்பங்கள் நடப்பட்டன. கட்டியவர் அவர், கம்பங்களோ அவருடையவை அல்ல. முதன்முதலாக விளக்கெரிந்த மாலையில் அவர் மனைவி சாமிப் படத்தின் முன் கற்பூரம் ஏற்றினார். அந்த மகிழ்ச்சிக்கு விலை பேச இயலாது.

ஆனால் விளக்கு எரியத் தொடங்கியதும் செம்மண் தடத்தின் நிலவிலையும் ஏறத் தொடங்கியது. அடுத்த ஆறாண்டுகளில் அத்தடத்தின் இருமருங்கிலும் நான்கு வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றும் அவர் செலவில் வந்த கம்பத்திலிருந்தே இணைப்புப் பெற்றது. கம்பம் வாசலிலேயே நின்றதால் அவர்களுக்கு ஆன செலவு சொற்பம். வருகிறவர்களிடம் அவர் சிரித்துப் பேசினார். ஆயினும், புது வீட்டில் விளக்கெரியும் ஒவ்வொரு மாலையும் அவர் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. தம் சேமநிதி வெள்ளியில் அவர்கள் குளிர்காய்வதாக அவருக்குத் தோன்றியது. அவ்வெண்ணத்திற்காக அவர் தம்மையே கடிந்துகொண்டதும் உண்டு.

ஒருநாள் அவருடைய வீட்டிற்கும் அப்பால் குடியேறிய மலாய் மூதாட்டி ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் வந்து நின்றார். கணவரை இழந்தவர். பேரப்பிள்ளைகள் இருவருடன் தனித்து வாழ்பவர். இன்னும் மூன்று கம்பங்கள் வேண்டும் என்றும், அவர் கட்ட வேண்டிய பங்கு இவ்வளவு என்றும் கடிதம் கூறியது. பெரியவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் ஒருகாலத்தில் மூன்று முறை படித்த கடிதத்தின் நகலே அது.

அன்று மாலையே அவர் நான்கு வீடுகளின் கதவையும் தட்டினார். “நான் கட்டுன காசைத் திருப்பிக் கேட்க வரலை. அந்தக் காசுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நீங்க நெனச்சா, அதை எனக்குத் தர வேணாம். அடுத்த கம்பத்துக்குக் கொடுங்க” என்றார். மூன்று வீட்டார் இசைந்தனர். நான்காவது வீட்டார், எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கதவைச் சாத்திக்கொண்டனர். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் செலுத்த வேண்டியதைச் செலுத்தியே இணைப்புப் பெற்றார்கள். சட்டம் கேட்காத ஒன்றை மனம் தானாகக் கொடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த இயலாது.

அங்குதான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நல்லெண்ணம் மூன்று வீடுகளில் விளைந்து நான்காவதில் பொய்த்துப் போகலாம். எழுதி வைத்த விதி நான்கு வீடுகளையும் ஒன்றுபோல் நடத்தும். கடைக்கோடியில் குடியேறும் எளியவர் பாதையைத் திறக்கிறார். பின்வருவோர் அப்பாதையில் நடக்கின்றனர். பின்வருவோரின் பங்கைக் கணக்கிட்டு முன்வந்தவருக்கு மீட்டுத் தரும் முறையும், வறியவர் தம் பங்கைத் தவணையில் செலுத்தும் வாய்ப்பும் எங்கெல்லாம் இல்லையோ, அங்கெல்லாம் அவை வேண்டும். இது இரக்கம் பற்றிய பேச்சன்று, கணக்கு பற்றிய பேச்சு. ஒருவர் கொடுத்ததும் பலர் பெற்றதும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

மூன்று கம்பங்களும் நடப்பட்டுவிட்டன. மூதாட்டியின் பேரப்பிள்ளைகள் இரவில் பாடம் படிக்கும் குரல் இப்போது செம்மண் தடத்தில் கேட்கிறது. மின்கட்டணம் வரும் மாதந்தோறும் பெரியவரின் மனைவி அதை அவரிடம் நீட்டி, “அங்க வெளிச்சம் தெரியுது பாருங்க” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கடைசிக் கம்பம் இன்று அவர் வீட்டு வாசலில் இல்லை.