பாய்ச்சலா, அடக்கமா? - பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை

மோட்டார் வண்டி வாங்க விரும்பும் வாலிபருக்குப் புத்தி சொல்லுவது பெரியோர் எளிதில் துணியாத காரியம். ஆயினும் 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அப்பொறுப்பு நம் தலைமீது வந்து விழுந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எமது தங்கையின் மகன், திரும்பிப் போனதும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்று முடிவு செய்திருந்தான். அவர்கள் வாழும் தெருவிலே அயல் வீட்டுப் பிள்ளையொருவன் அத்தகைய வண்டியிற் சென்று மீளாமற் போனதைத் தங்கை தன் கண்ணாற் கண்டவள். "அண்ணா, நீங்கள் சொன்னால்தான் அவன் கேட்பான். எப்படியாவது மறித்துப் போடுங்கோ" என்று தொலைபேசியில் அழுதாள். மறித்து விடுவதாக நாமும் வாக்களித்தோம். அந்த வாக்கு என்னவாயிற்று என்பதையும், அதனை முடிவு செய்த ஒரு பிரயாணத்தையும் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

பரந்தனில் எமக்கொரு நண்பர் உண்டு. அவரிடம் 1950களில் வெளிவந்த மொறிஸ் மைனர் ஒன்று இன்னும் ஓடுகின்றது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இவ்வினத்துப் பழைய வண்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தவை அவைதாம். அந்த வண்டியை ஒரு நாளைக்கு இரவல் பெற்று முல்லைத்தீவு போய் வருவோம் என்றோம். இந்நாட்டில் வண்டி செலுத்துவதற்கான அனுமதியை மருமகன் முன்னரே பெற்றிருந்தான். வண்டியைக் கண்டதும் அவன் சிரித்தான். "மாமா, இதற்கு எத்தனை குதிரைவலு?" என்றான். "முப்பது" என்றார் நண்பர், சற்றும் வெட்கப்படாமல்.

பரந்தன் சந்தியிலே கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஏ-35 என்னும் பெருந்தெரு தொடங்குகிறது. முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். முரசுமோட்டைப் பகுதியில் இருபுறமும் வயல்வெளி. நடுவே நூல் பிடித்தாற்போல் தெரு. அந்நேரிலே வண்டியை விட்டுக்கொண்டு, மருமகன் தன் மனத்திலிருந்த இரண்டு வண்டிகளையும் எமக்கு விளக்கினான்.

ஒன்று, அமெரிக்கரின் ஃபோர்ட் மஸ்டாங். எட்டுச் சிலிண்டர், 450க்கு மேற்பட்ட குதிரைவலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை ஏறக்குறைய நாலரை வினாடியில் எட்டிவிடும். மற்றையது, யப்பானியரின் மாஸ்டா எம்.எக்ஸ்-5. இருவர் மாத்திரம் அமரக்கூடிய சிறு வண்டி. அதற்கு 180 குதிரைவலு அளவில்தான் உண்டு. அதே வேகத்தை எட்ட ஆறரை வினாடி வரை வேண்டும். ஆனால் மஸ்டாங்கின் எடை 1,700 கிலோகிராமுக்கு மேல். இதுவோ ஏறக்குறைய 1,050 கிலோகிராம்தான். முதல் வண்டி நேர் தெருவிலே பாய்வதற்குப் பெயர் பெற்றது. இரண்டாவது வளைவுகளிலே சாரதியின் கைக்கு அடங்கி நடப்பதற்குப் பெயர் பெற்றது.

"பாய்ச்சலா, அடக்கமா என்பதுதான் கேள்வி, மாமா. என் சிநேகிதர் எல்லாரும் பாய்ச்சல் என்கிறார்கள்."

நாம் மறுமொழி கூறுமுன்னர் பின்னாலிருந்து ஒரு வான் சீறிக்கொண்டு வந்து எம்மைக் கடந்து மறைந்தது. இந்நாட்டில் ஊர்மனைகளுக்கு வெளியே கார்களுக்கு விதிக்கப்பட்ட உச்சவேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வான் அதனை எப்போதோ தாண்டியிருந்தது. மருமகனின் கண்கள் அதன் பின்னே ஓடின. அடுத்த கணமே நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியொன்று எமக்கு முன்னே குறுக்கிட்டது. அதைக் கடக்க எமது முப்பது குதிரைகளும் பட்ட பாட்டைப் பார்த்தபோது, பாய்ச்சலும் வீணன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிரே வண்டி வருவதற்குள் ஒரு தடையைக் கடந்துவிடும் வலு உயிர்காக்கும் வலுவே. நியாயத்தை நியாயமென்று சொல்லத்தான் வேண்டும்.

தருமபுரம் கழிந்து விசுவமடுவை அண்மித்தபோது, தெருவோரத்து மரநிழலில் இளநீர் குடிக்க இறங்கினோம். அங்கிருந்த முதியவரொருவர் எமது வண்டியைச் சுற்றிப் பார்த்து, அன்போடு அதன் முதுகைத் தட்டினார். இளமையிலே மாட்டுவண்டிச் சவாரியில் பேர் எடுத்தவராம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, யாழ்ப்பாணம் எங்கும் சவாரி இன்றும் ஒரு பெரும் விளையாட்டு. நேராக அமைந்த திடலில், இரட்டை மாடு பூட்டிய வண்டில்கள் ஒரே பாய்ச்சலாக எல்லைக்கோட்டை நோக்கி ஓடும். அமெரிக்காவிலே கால் மைல் தூரத்துக்கு, அதாவது 402 மீற்றருக்கு, கார்களை நேரே விரட்டும் பந்தயமொன்று உண்டு. அதன் ஆசை வேறு, எமது சவாரியின் ஆசை வேறு அன்று. மருமகன் தன் கேள்வியை அவரிடமே போட்டான்.

முதியவர் சிறிது யோசித்தார். "தம்பி, சவாரி மாடு வேறை, வண்டில் மாடு வேறை. திடலிலை வளைவு இல்லை, குறுக்கே ஆள் இல்லை. அங்கை கூட, வலத்தன் ஓடுற அளவுக்கு இடத்தன் ஓடாட்டில் வண்டில் வரம்புக்கு வெளியிலை போயிடும். ஆனால் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மாளிட்டை மனுசி பிள்ளையளை ஏத்திக்கொண்டு இருட்டுக்குள்ளை போறதெண்டால், நான் சவாரிச் சோடியைப் பூட்டமாட்டன். கயிறு சொன்னதைக் கேக்கிற சோடியைத்தான் பூட்டுவன்."

நாம் தங்கைக்காகச் சேர்த்து வைத்திருந்த நீண்ட உபதேசம் முழுவதும் அவருடைய அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

மீண்டும் புறப்பட்டபின் நண்பர் தமது வண்டியின் கதையைச் சொன்னார். இதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணர். 1948இல் இது வெளிவருமுன்னர், மாதிரி வண்டியின் அகலம் போதாதென்று கண்ட அவர், அதனை நடுவே நெடுக்காக அறுத்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கிப் பொருத்திப் பார்த்தாராம். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். இயந்திரத்தின் வலு கூடவில்லை. ஆனால் வண்டி நிலத்தில் உறுதியாய் நிற்கவும், வளைவிற் சாயாமல் திரும்பவும் கற்றுக்கொண்டது.

இதன் காரணம் பள்ளிக்கூடத்துப் பௌதிகந்தான். வண்டிக்கும் தெருவுக்கும் உள்ள உறவெல்லாம் நான்கு ரயர்களின் அடியில், ஒவ்வோர் உள்ளங்கையளவு இடத்தில் அடங்கியது. அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிதான் வண்டியை முன்னே தள்ளுகிறது; திருப்புகிறது; நிறுத்துகிறது. பிடி முழுவதையும் ஒன்றிலே செலவழித்தால் மற்றவற்றுக்கு எதுவும் மிஞ்சாது. மேலும், ஒரே வளைவை இரு மடங்கு வேகத்தில் எடுக்க நான்கு மடங்கு பிடி வேண்டும். நிறுத்துவதும் அவ்வாறே. காய்ந்த நல்ல தெருவில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, சாரதி ஆபத்தைக் கண்டு பிறேக்கை அழுத்தும் ஒரு வினாடியையும் சேர்த்து, ஏறக்குறைய 28 மீற்றரில் நிற்குமானால், 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே வண்டிக்கு ஏறக்குறைய 84 மீற்றர் வேண்டும். வேகம் இரட்டித்தது, தூரமோ மும்மடங்காயிற்று. மாரி மழையிலும், மணல் படிந்த தெருவிலும் நிலைமை இன்னும் மோசமாகும்.

இக்கணக்கை மாணவ வாசகர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். மருமகனுக்கோ அதைப் போட்டுக் காட்ட ஒரு கன்றுக்குட்டி வந்தது. வள்ளிபுனத்துக்கு அப்பால், பற்றையொன்றின் மறைவிலிருந்து தாயைத் தேடித் திடீரெனத் தெருவுக்குப் பாய்ந்தது அது. எமக்கு மூச்சு நின்றுவிட்டது. மருமகன் பிறேக்கை மிதித்து, உடனே சற்று விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினான். அந்தக் கிழ வண்டி மறுபேச்சின்றித் திரும்பி, தெருவோரத்துக் கிரவலில் ஏறி நின்றது. கன்று எம்மை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டிற் போயிற்று. மருமகனின் கைகள் நடுங்கின. "மாமா, நாங்கள் ஐம்பதில் வந்தோம். நூறில் வந்திருந்தால்..." என்றவன் மேலே பேசவில்லை. நாமும் பேசவில்லை.

புதுக்குடியிருப்பைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் போர் முடிந்தது இந்தக் கடலோரத்து மண்ணிலேதான். எத்தனையோ குடும்பங்கள் கையிற் பிள்ளையோடு நடந்து வந்த தெரு இது. அவ்விடத்தில் மருமகன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். எந்த வண்டிக்கும் அங்கே வேகம் தகாது.

அடுத்து வட்டுவாகல். நந்திக்கடலின் வாய்க்குக் குறுக்கே கிடந்த பழைய பாலம், ஒரு வேளைக்கு ஒரு வண்டி மாத்திரம் செல்லக்கூடிய ஒடுக்கமானது. மாரியில் வெள்ளம் அதன்மேல் ஏறும். 2025இல் அங்கே புதிய பாலத்துக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. நாம் சென்ற நாளில் பழைய பாலமே வழி. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தமையால் இக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவ்வரிசையில் எமக்கு முன்னால் நின்றது எது என்று நினைக்கிறீர்கள்? முரசுமோட்டையில் எம்மைச் சீறிக் கடந்த அதே வான். மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். அத்தனை பாய்ச்சலும் அதற்கு ஈட்டிக் கொடுத்தது வரிசையில் ஓரிடந்தான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில், கரைவலை இழுப்போரைப் பார்த்தபடி வெண்மணலில் அமர்ந்திருந்தோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை விழுங்கிச் சென்ற கரை அது. இன்று பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுகின்றனர். மாஸ்டா வண்டியை அமைத்தோர், குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாதல் என்னும் பழைய யப்பானியக் கருத்தையே தமக்கு வழிகாட்டியாகக் கொண்டனர் என்று மருமகன் சொன்னான். 1989இல் தொடங்கிய அவ்வண்டி 2016இல் பத்து இலட்சத்தை எட்டியதாம். "அந்த ஐயா சொன்ன கயிறும் மாடும் இதுதானே, மாமா" என்றான்.

"தம்பி, நீர் வண்டி வாங்கக் கூடாதென்று சொல்லவே நாம் உம்மை அழைத்து வந்தோம்" என்று உண்மையை ஒப்புக்கொண்டோம். "இப்போது அப்படிச் சொல்ல மாட்டோம். பாய்கிற வண்டி உமது ஆசையைக் கேட்கும். அடங்குகிற வண்டி உமது கையைக் கேட்கும். அம்மாவை ஏற்றிச் செல்ல எது வேண்டுமென்று நீரே முடிவு செய்யும். ஆனால் எந்த வண்டியும், ஓட்டுகிறவனின் அடக்கத்துக்கு மேலே அடங்காது, அதையும் மறவாதேயும்."

அடுத்த ஆண்டு தங்கை பேசினாள். மகன் சிறிய வண்டியைத்தான் வாங்கினானாம். பனிக்காலத்தில் அதை மூடி வைத்துவிடுகிறானாம். "மறிக்கச் சொன்னேன், நீங்கள் வாங்க அல்லவா வைத்துவிட்டீர்கள், அண்ணா!" என்று கடிந்துகொண்டாள். பின்னர் குரல் தணிந்து, வெள்ளிக்கிழமைகளில் அதிலேதான் கோயிலுக்குப் போய் வருவதாகவும், வழி முழுவதும் வேகமானியையே பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அதன் முள் இன்னும் தன்னை ஏமாற்றவில்லை என்றும் சொன்னாள்.